கரியர் இல்லாத சைக்கிள்

குருநகர்
12 ஒக்ரோபர் 2024

ஜெசிதாவுக்கு,

‘அன்புள்ள’ என்று போடவில்லை. கவனித்துக்கொள்.

நீ கன்னியர் மடத்துக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அண்ணன் என்று ஒருவன் இருக்கிறான் என்பதற்கு உனக்கு என்னிடமிருந்து ஒரு எழுத்து வரவில்லை. இப்போது வந்திருக்கிறது என்பதற்காகக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக் கோயிலுக்குள் ஓடிப்போய் மெழுகுதிரி கொளுத்தாதே. கோபம் அப்படியே இருக்கிறது. நான் ஒரு புதுச் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். றேசிங் சைக்கிள். அதைப் பற்றிக் கதைக்க இந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை. உனக்குத்தான் சைக்கிள் தெரியும். அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

கடையில் எது நல்லது என்று கேட்டேன். கடைக்காரப் பெடியன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “அண்ணை, நீங்கள் தொடக்கக்காரர். உங்களுக்கு இது காணும்” என்றான். தொடக்கக்காரர்! யாகப்பர் பெருநாள் சைக்கிள் ஓட்டத்தில் என் பழைய லுமாலாச் சைக்கிளோடு மூன்றாவதாக வந்தவன் நான். பெண்கள் ஓட்டத்தில் நீ முதலாவதாக வந்ததை இங்கே இழுக்காதே. வேண்டாம் என்று திரும்பத்தான் நினைத்தேன். போகிற போக்கில் சும்மா ஒருக்கால் தூக்கிப் பார்த்தேன். லுமாலாவைத் தூக்குகிற பலத்தோடு தூக்கினேனா, சைக்கிள் நேரே வந்து என் நெற்றியில் இடித்தது. இவ்வளவு பாரமில்லாத ஒரு சைக்கிளை நான் என் வாழ்நாளில் தொட்டதில்லை. இடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டே வாங்கிவிட்டேன்.

முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் காலால் ஸ்ராண்டைத் தேடினால், ஸ்ராண்ட் இல்லை! விட்டால் விழும். பிடித்தபடி நடு முற்றத்தில் நிற்கிறேன், ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வழியில்லை. அம்மா குசினி அடுப்பை விட்டு எழும்பி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தா. மட்காட் இல்லை. மணி இல்லை. செயினுக்கு மூடி இல்லை. கரியர் இல்லை.

“மிச்சத்தை எப்ப தருவினம்?” என்று கேட்டா.

“இவ்வளவுதான் அம்மா.”

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டா. “என்ரை மாதாவே! முழுச் சைக்கிளுக்கெல்லோ போனனி?”

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். “சதையை அவங்கள் திண்டிட்டு உவனிட்டை முள்ளைக் குடுத்து விட்டிருக்கிறாங்கள்” என்றுவிட்டுக் குனிந்துகொண்டார். பங்குச் சுவாமியிடம் மந்திரிக்கக் கொண்டுபோனால் அவர் சீற்றைத் தொட்டுப் பார்த்துப் பயந்துபோனார். “தம்பி, சைக்கிளுக்கில்லை, இதிலை இருக்கப்போற உமக்குத்தான் செபம் வேணும்” என்றார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அன்று பின்னேரமே தெரிந்தது. இதை நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

கடலோரப் பண்ணை வீதிக்குக் கொண்டுபோனேன். ஜெசிதா, ஒரு மிதிதான் மிதித்தேன். பின்னால் யாரோ தள்ளிவிட்டது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. கியர் எங்கே என்று தேடினேன், அது பிறேக்குக்குள் இருக்கிறதாம். தெரியாமல் தட்டினேன், காலுக்குக் கீழே பாரம் கழன்று போனது. ஒரு ஓட்டோவை முந்தினேன். ஓட்டோக்காரன் வாயைத் திறந்தபடி பார்த்தான். நானும் வாயைத் திறந்தபடிதான் ஓடினேன், ஒரு பூச்சியும் உள்ளே போனது. குறுக்கே நாய் வந்தது. இரண்டு விரலால் பிறேக்கைத் தொட்டேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கையில் தோல் இல்லை, மற்றபடி சுகம்.

காற்றடிக்கப் போனால் எங்கள் பம்ப் பொருந்தாது. வால்வு ஊசி மாதிரி இருக்கிறது. சைக்கிள் திருத்துகிற றமேஸ் தன் கடை வாசலிலேயே கையை விரித்துவிட்டான். “உதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ மச்சான், நேர்சுமார் ஏத்துவினம்.”

பின்னால் ஒருவரையும் ஏற்ற முடியாத சைக்கிள். எனக்கு அதுதான் வேண்டும். கடைசியாக நான் கரியரில் ஏற்றியது யாரை என்று உனக்குத் தெரியும். மூன்று நாள் தியானத்துக்குப் போகிறேன் என்றாய். பஸ் நிலையம் வரை மிதித்தேன். மன்னார் பஸ்ஸில் பெட்டியை ஏற்றியதும் நான். “மூண்டு நாளுக்கு உவ்வளவு பெரிய பெட்டியோ?” என்று கேட்டேன். சிரித்தாய். வீட்டுக்கு வந்தால் அம்மா அழுதுகொண்டிருக்கிறா. அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், சுவாமிக்குத் தெரியும். மிதித்தவனுக்கு மட்டும் தெரியாது.

மாசியோடு உன் நவசந்நியாசப் பயிற்சி முடிகிறதாமே. அதன் பிறகு வார்த்தைப்பாடு கொடுத்துச் சிஸ்ரர் ஆகலாம், இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்று அம்மா சொன்னா. எனக்கென்ன. சும்மா எழுதினேன்.

றொகான்


நவசந்நியாச இல்லம்
மன்னார்
26 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

யேசுவின் சமாதானம் உங்களோடும் உங்கள் முழங்கையோடும் இருக்கட்டும்.

சிஸ்ரர் றெஜினா என்னைக் கூப்பிட்டு உங்கள் கடிதத்தை நீட்டினார். உங்கள் கையெழுத்தைக் கண்டதும் அப்பாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வாசித்துப் பார்த்தால் சைக்கிள்! நவசந்நியாசிகளுக்கு வருகிற கடிதத்தைப் பொறுப்பான சிஸ்ரர் முதலில் வாசிப்பது இங்கே வழக்கம். பூச்சி உள்ளே போன இடத்தில் அவர் சிரித்த சிரிப்பு எனக்கு வெளிவிறாந்தை வரை கேட்டது.

எனக்குச் சிரிப்பை விட அதிர்ச்சிதான். மட்காட் இல்லாமல் மாரியில் என்ன செய்வீர்கள்? முதுகு முழுக்கச் சேறு தெறித்து, கோயிலுக்கு வரும்போது பின்பக்கம் பார்க்க முடியாது. மணி இல்லாமல் குருநகர் ஒழுங்கைக்குள் எப்படி ஓடுவது? மீன் கூடையோடு வருகிற மனிசிமாருக்கு “விலகு” என்று கத்துவீர்களா? அவர்கள் திருப்பிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க முடியுமா?

ஓட்டம் பற்றி ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். பண்ணை வீதியில் எதிர்க்காற்றுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடுவது உங்கள் பழைய பழக்கம். பாய் விரித்த தோணி மாதிரி காற்று முழுவதையும் நீங்களே பிடிப்பீர்கள். அந்த ஹாண்டில் கீழே வளைந்திருப்பது அழகுக்கு இல்லை. கீழே பிடியுங்கள், குனியுங்கள், முழங்கையை மடக்குங்கள். நான் உங்களை எப்போதும் வென்றது அப்படித்தான். சீற்றில் சும்மா பாரத்தைப் போட்டுக்கொண்டு இருக்காமல் காலில் நில்லுங்கள், நோவு குறையும்.

இங்கேயும் ஒரு சைக்கிள் இருக்கிறது. பெரிய சிஸ்ரர் ஒருவர் விட்டுப்போன லேடீஸ் சைக்கிள். மறைக்கல்வி படிப்பிக்கப் பக்கத்து ஊருக்கு அதில்தான் போகிறேன். மெதுவாகத்தான் ஓட வேண்டும் என்பது ஒழுங்கு. வளைவு திரும்பி மடம் மறைந்த பிறகு அந்த ஒழுங்கு எனக்குச் சில நேரம் மறந்துபோகும். (சிஸ்ரர், இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.)

எல்லாம் சரி, ஒன்று கேட்கிறேன். கரியர் இல்லையென்றால் நான் வந்தால் எங்கே ஏறுவது? ஹாண்டிலிலா?

மூன்று நாள் தியானம் பற்றி நீங்கள் எழுதியதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. அது அவசரமாக எழுதுகிற விசயம் அல்ல. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு.

ஜெசிதா


குருநகர்
12 நவம்பர் 2024

ஜெசிதா,

முதலாவது, என்னை ‘நீங்கள்’ என்று எழுதாதே. வங்கியிலிருந்து கடிதம் வந்த மாதிரி இருக்கிறது. சின்ன வயதில் என் காதைக் கடித்தவள் நீ.

இரண்டாவது, உன் ஒரு வரியால் இங்கே என்ன நடந்தது தெரியுமா?

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மட்காட், மணி, எதிர்க்காற்று எதுவும் அம்மாவின் காதில் ஏறவில்லை. ‘நான் வந்தால் எங்கே ஏறுவது’ என்ற இடத்தில், “நில், நில், அதைத் திருப்பி வாசி” என்றா. வாசித்தேன். “வாறாளாம்!” என்று எழும்பினா. உன் மெத்தை மதிலில் வெயிலுக்குப் போய்விட்டது. உன் மாங்காய்ப் பச்சைச் சட்டை தோய்த்தாயிற்று, கொடியில் தொங்குகிறது. கோயிலடியில் மூன்று பேரிடம் சொல்லியாயிற்று. அப்பா போய் வாசல் படலைக் கொளுக்கிக்கு எண்ணெய் போட்டார்.

அதோடு விட்டார்களா? போன ஞாயிற்றுக்கிழமை நான் கடலுக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா என் சைக்கிளை வின்சன்ற் மாமாவிடம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறா. மாமாவை உனக்குத் தெரியும். படகு எஞ்சின், வெல்டிங், பைபர் எல்லாம் தனக்குத் தெரியும் என்பார். பழைய லுமாலாவின் கரியரை அறுத்து எடுத்திருக்கிறார். ஓம், நீ இருந்து போன அதே கரியர். அதை என் புதுச் சைக்கிளில் வெல்டிங் வைத்து ஒட்டப் பார்த்திருக்கிறார்.

ஜெசிதா, அது இரும்பு இல்லை. அலுமினியம்! மாமா வெல்டிங் கோலால் தொட்டதும் நீல வெளிச்சம் வெடித்தது. குழாய் சிவக்கவில்லை, ஒரு சைகை காட்டவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெழுகுதிரி மாதிரி உருகித் துளியாய் நிலத்தில் விழுந்தது. மாமா முகமூடியைத் தூக்கி எறிந்து, “ஐயோ, உது இரும்பில்லையடா!” என்று கத்திய கத்தலில் கூரையில் இருந்த காகம் பறந்தது. பின்சில்லைப் பிடிக்கிற குழாயில் பெருவிரல் போகிற ஓட்டை. பெயின்ற் எரிந்த மணம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. மாமா நிலத்தில் குந்திவிட்டார். வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. ஆசையாய் வாங்கியது.

எல்லாம் அம்மாவின் வேலை. நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. இனி நீ ஒன்றைச் செய். சுற்றி வளைக்காமல் எழுது. வருவியா, மாட்டியா? எனக்காகக் கேட்கவில்லை. மெத்தையை உள்ளே எடுப்பதா, வெளியே விடுவதா என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

றொகான்


மன்னார்
27 நவம்பர் 2024

பொய்க்கார அண்ணைக்கு,

‘நீ’ என்று எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். தாங்கிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போயிருந்தாயா? எந்தக் குருநகர்ப் பெடியன் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிறவன்? அப்பா உன்னைப் படகில் ஏற விடுவாரா? எங்கள் கரையில் அன்றைக்கு ஒரு படகு அசையாது என்பதை இரண்டு வருடத்தில் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா? இந்தக் கடிதத்தை யாழ்ப்பாணத்தில் வேறு எந்த ஊர்ப் பெண்ணிடம் காட்டியிருந்தாலும் நம்பியிருப்பாள். ஆளை மாறிப் பொய் சொல்லிவிட்டாய்.

அது போகட்டும். நீல வெளிச்சம் வெடித்ததைக் கண்டது யார்? உருகின துளி நிலத்தில் விழுந்ததைப் பார்த்தது யார்? மாமா கத்தியதும் காகம் பறந்ததும் கடலுக்குள் இருந்த உனக்குத் தெரிந்ததா? நீ அங்கே நின்றாய். நீதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாய். வெல்டிங் வைக்கும்போது சைக்கிள் விழாமல் பிடித்துக்கொண்டு நின்றதும் நீதான். ஸ்ராண்ட் இல்லாத சைக்கிளைப் பின்னே யார் பிடிப்பது?

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏன் சிரித்தேன் என்று இருந்தது. எனக்காக அந்தக் கரியரைக் கொண்டு ஓடியது அம்மா அல்ல, நீ. இரண்டு வருடம் என்னோடு கதைக்காமல் இருந்துவிட்டு, நான் விளையாட்டுக்கு எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நீ புதுச் சைக்கிளில் நெருப்பு வைத்திருக்கிறாய். வாசித்து முடித்ததும் சிஸ்ரர் றெஜினாவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. “பதிலை யோசிச்சு எழுதும் பிள்ளை” என்று மட்டும் அவர் சொன்னார்.

அண்ணை, அது பகிடி. நான் வரவில்லை.

மறைக்காமல் எழுதுகிறேன். பெப்ரவரி இரண்டாம் திகதி, மெழுகுதிரித் திருநாளன்று, நான் முதல் வார்த்தைப்பாடு கொடுக்கிறேன். என்னை ஒருவரும் பிடித்து வைக்கவில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. உனக்கு அந்தச் சைக்கிளைத் தூக்கின கையோடு பிடித்துப்போனது போல, இங்கே வந்த முதல் கிழமையே எனக்குப் பிடித்துப்போனது. ஏன் என்று கேட்டால் உனக்கும் சொல்லத் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஏன் உன்னிடம் மட்டும் சொல்லவில்லை என்று கேட்டாய். சொல்லியிருந்தால் நீ மிதித்திருக்க மாட்டாய். நீ மிதிக்காமல் நின்றிருந்தால் நான் கரியரை விட்டு இறங்கிப் பஸ் ஏறியிருக்க மாட்டேன். அம்மா அழுதாலும் நான் போகாமல் விட மாட்டேன், அது எனக்குத் தெரியும். நீ ஒருக்கால் திரும்பி, “போகாதை” என்று சொன்னால் போதும், என் கதை முடிந்தது. அந்தப் பயத்தில்தான் மூன்று நாள் என்றேன். பஸ்ஸில் ஏறி, நீ ஒரு கையை ஆட்டிவிட்டு வெறும் கரியரோடு திரும்பிப் போனதைப் பார்த்து, பூநகரி வரை அழுதேன். இதை விட நேராக எனக்கு எழுதத் தெரியாது.

வார்த்தைப்பாட்டுக்குத் தாய் தகப்பனோடு சகோதரங்களும் வந்து முன்வரிசையில் இருப்பது முறை. உனக்கு ஒரு கதிரை இருக்கும். அது வெறுமையாக இருந்தால் எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரிவதுதான் பெரிய தொல்லை. வா. பெப்ரவரி இரண்டு ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போகிற சாட்டு உனக்கு இல்லை.

அம்மாவிடம் மெத்தையை உள்ளே எடுக்கச் சொல். மழை வருகிறது.

ஜெசிதா


குருநகர்
16 டிசெம்பர் 2024

ஜெசிதா,

ஓம். நான்தான்.

அம்மாவிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ‘நான் வரவில்லை’ என்ற இடத்துக்கு மேல் நான் வாசிக்கவில்லை. அப்பா வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தார். அம்மா எழும்பிப் போய் மெத்தையை உள்ளே இழுத்தா. அது முன்னமே நனைந்துவிட்டது.

அம்மாவும் அப்பாவும் வாடகைக்கு வான் பிடித்து முதல் நாளே வருவார்கள். நான் வரமாட்டேன். அவர்களோடு வானில் ஏறி, அம்மா வழி முழுக்க விசும்புவதைக் கேட்டுக்கொண்டு வர என்னால் ஏலாது. பஸ்ஸில் வரலாம் என்றால் அந்தப் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். உன்னை இறக்கிவிட்ட நாளுக்குப் பிறகு நான் அதற்குள் கால் வைத்ததில்லை, இனியும் வைக்க மாட்டேன். கதிரையில் வேறு யாரையாவது இருத்து.

சைக்கிள் மாமாவின் கொட்டிலுக்குள் கிடக்கிறது. “கொண்டு போகாதை, நான் ஒரு வழி பண்ணுறன்” என்கிறார். அவர் பண்ணிய வழி காணும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நத்தார்ப் பெருநாளுக்கு வாழ்த்து.

றொகான்


மன்னார்
9 பெப்ரவரி 2025

என் அண்ணைக்கு,

நடந்தது உனக்குத் தெரியும், நீதானே செய்தாய். ஆனால் நீ முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதற்காக எழுதுகிறேன்.

உன் கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. அம்மா அதில் தன் கைப்பையை வைத்திருந்தார், வெறுமையாகத் தெரியக்கூடாது என்று. நான் பீடத்துக்கு முன் முழந்தாளிட்டு வார்த்தைப்பாட்டை வாசிக்கத் தொடங்கினேன். “அடைக்கலநாதன் ஜெசிதா ஆகிய நான்” என்று தலையைத் தூக்கினால், பக்கவாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உடுப்பு உடம்போடு ஒட்டிப்போய், முகமெல்லாம் புழுதி. முதலில் யாரோ வழி தவறி வந்த ஆள் என்று நினைத்தேன். பிறகு காலை மாற்றி வைத்து நின்றாய். நீ நிற்கிற நிலை எனக்குத் தெரியாதா?

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு! சங்குப்பிட்டிப் பாலத்துக் காற்றைத் தாண்டி, பூநகரி வெளி முழுக்க, அந்தச் சீற்றில் இருந்துகொண்டு! எனக்கு அடுத்த சொல் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றுவிட்டது. எங்கள் சபைத் தலைவி மதர் நிமிர்ந்து பார்த்தார். பூசை வைத்த ஆயர் கண்ணாடியைக் கழற்றினார். நான் மனம் மாறிவிட்டேன் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார், பிள்ளையைக் கூட்டிப்போகத் தயாராக. அப்பா கையைப் பிடித்து இருத்தினார். சிஸ்ரர் றெஜினா பின்னாலிருந்து, “வாசியும் பிள்ளை” என்று மெல்லச் சொன்னார். வாசித்தேன். முழுவதையும் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் வாசித்தேன், கடவுள் குறை நினைக்க மாட்டார்.

நீ உள்ளே வருவாய் என்று பார்த்தேன். வரவில்லை. கோபம் என்றே நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, விட்டால் சைக்கிள் விழும்.

பூசை முடிந்து வெளியே ஓடி வந்து சைக்கிளைப் பார்த்து இன்னொரு முறை திகைத்துப் போனேன். மாமாவின் வேலை! படகுக்கு ஓட்டை அடைப்பது போல அந்தக் குழாயைச் சுற்றிப் பைபர் துணியும் றெசின் பசையும் வைத்து, சுற்றிச் சுற்றிக் கட்டி, அப்பாவின் படகுக்கு அடித்த அதே நீலப் பெயின்ற்றை அடித்து விட்டிருக்கிறார். அதற்கு மேலே அந்தக் கரியர்! அதையும் பைபராலேயே ஒட்டியிருந்தார். றேசிங் சைக்கிளுக்குப் பின்னால் பழைய லுமாலாக் கரியர். பார்த்த அத்தனை சிஸ்ரர்மாரும் வாயில் கையை வைத்தார்கள்.

நீ வாழ்த்துச் சொல்லவில்லை. சுகம் கேட்கவில்லை. என் புது உடுப்பைப் பார்த்தாய், கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தாய். “ஏறு” என்றாய்.

சிஸ்ரர் றெஜினா முன்னுக்கு வந்தார். “தம்பி, இண்டைக்குத்தான் வார்த்தைப்பாடு குடுத்திருக்கிறா.”

“ஒரு சுத்து, சிஸ்ரர்.”

அவர் மதரைப் பார்த்தார். மதர் எதையும் சொல்வதற்குள் நான் ஏறிவிட்டேன். கீழ்ப்படிதல் என்று வாக்குக் கொடுத்து அரை மணித்தியாலம் ஆகவில்லை.

நீ முற்றத்தைச் சுற்றுவாய் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நீ நேரே படலைக்கு மிதித்தாய். படலை திறந்து கிடந்தது. வெளியே யாழ்ப்பாணம் போகிற தெரு. பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. “கொண்டு போறான்! பிள்ளையைக் கொண்டு போறான்!” அது சந்தோசமா பயமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மதர் செருப்பு ஒன்று கழன்றதும் தெரியாமல் ஓடி வந்தார். ஆயரின் சாரதி வாகனத்துக்கு வெளியே குதித்தார். அப்பா மட்டும் அசையாமல் நின்றார். நான் திரும்பிப் பார்த்து இதையெல்லாம் கண்டேன். உன் சேட்டுத் துணியை இறுக்கிப் பிடித்தேன். “நிப்பாட்டு” என்று நான் சொல்லவில்லை, அண்ணை. குதிக்கவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

முன்சில்லு படலைக்கு வெளியே போனது. அங்கே நீ காலை ஊன்றினாய். தெருவை ஒரு பார்வை பார்த்தாய். ஒரு லொறி போனது. உன் முதுகு ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஓட்டத்தில் வந்த மூச்சா வேறு ஏதாவதா தெரியாது. பிறகு சைக்கிளைத் திருப்பினாய். கோயில் வாசல்வரை, மதரையும் அம்மாவையும் எல்லோரையும் தாண்டி, மெதுவாக, நான் ஒழுங்கு மறக்காத நாட்களில் ஓடுவது போல மெதுவாக மிதித்துக் கொண்டுவந்து நிறுத்தினாய். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாய்.

“இந்த முறை தெரிஞ்சுதான் கொண்டு வந்து விடுறன். இறங்கு.”

இறங்கினேன். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்த வான் நின்ற இடத்துக்குப் போய்விட்டாய். சாப்பாட்டுக்கும் நீ வரவில்லை. சிஸ்ரர் றெஜினா உனக்குச் சாப்பாட்டுக் கோப்பை கொண்டுவந்து தந்ததும், நீ ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாப்பிட்டதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் வந்து, “உம்முடைய அண்ணை நல்ல பிள்ளை. ஆனால் மதருக்கு இன்னும் நெஞ்சு படபடக்குது” என்றார். அன்றிரவு கோயிலில் நான் நன்றி சொன்னதில் பாதி உனக்கு.

இனி ஒன்று. வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு பத்து நாள் வீட்டுக்கு விடுவார்கள். மார்ச்சில் என் முறை. எட்டாம் திகதி, சனிக்கிழமை, காலைப் பஸ்ஸில் வருகிறேன். பத்து நாள் முடிந்ததும் திரும்பி வந்துவிடுவேன், அதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஒருவருக்கும் மறைக்கவில்லை. அந்தப் பஸ் நிலையத்துக்குள் கால் வைக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அங்கிருந்து நான் எப்படி வீட்டுக்கு வருவது?

ஜெசிதா


குருநகர்
20 பெப்ரவரி 2025

அன்புள்ள சிஸ்ரர் ஜெசிதாவுக்கு,

போட்டிருக்கிறேன். கவனித்துக்கொள்.

மெத்தை மறுபடியும் மதிலில் காய்கிறது. பத்து நாளுக்கு மட்டும்தான் என்று அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். “தெரியும், எனக்கென்ன விசரே?” என்றா. பச்சைச் சட்டையைத் தோய்க்கவில்லை. உன் புது உடுப்பை எப்படி மடிப்பது என்று மட்டும் கேட்டா.

பஸ் நிலையத்துக்குள் வரமாட்டேன். சொன்னது சொன்னதுதான். வெளியே, றோட்டு வாசலில் நிற்பேன். பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு வா. மடத்தில் சும்மா இருந்து சாப்பிட்ட உடம்பு.

மணி பூட்டிவிட்டேன். மட்காட்டும் பூட்டிவிட்டேன். ஸ்ராண்டும் வைத்துத் தருகிறேன் என்று மாமா வெல்டிங் கோலோடு வந்தார், அடித்துக் கலைத்தேன். ஆகவே நீ வரும்வரை நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

பிந்தாதே.

றொகான்